பழைய பருத்திச் சேலையில் கில்ட் போர்வை: துவைப்பதிலிருந்து விளிம்புப் பட்டி வரை

தையல் தெரிந்தவர்கள்தான் முதல் கில்ட்டில் அதிகம் தடுமாறுகிறார்கள். பிளவுஸும் சுடிதாரும் தைத்துப் பழகிய கை, “சதுரம் சதுரமா வெட்டி ஒட்டுறதுதானே” என்று நேராகக் கத்தரியை எடுத்துவிடும். பாதி தைத்தபின் பார்த்தால் ஒரு வரிசை நீளம், அடுத்தது குட்டை. எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் உட்கார்ந்து தைப்போம். அங்கே பிரிக்கப்படும் தையல்களில் பெரும்பாலானவை தையல் பிழையே அல்ல. துணியைத் தேர்ந்த விதத்திலும் வெட்டிய வரிசையிலும் நடந்த பிழைகள்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் கடையில் வாங்கும் புதுத் துணியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அந்தத் துணி எல்லாம் ஒரே கனம், ஒரே நெசவு. நம் பீரோவில் இருக்கும் பழைய சேலை அப்படி இல்லை. அதற்கு வேலையின் வரிசையே கொஞ்சம் மாறும். கீழே இருப்பது அந்த வரிசை.

தைக்கப்போவது 48 அங்குல அகலம், 60 அங்குல நீளம். பெரியவர் மடியில் போட்டுக்கொள்ளலாம், குழந்தைக்குக் கீழே விரிக்கலாம். மூன்று அடுக்கு: துண்டுகள் இணைத்த மேல்துணி, நடுத்துணி, அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல் போட்டால்தான் அது கில்ட். அதற்குமுன் வெறும் ஒட்டுத்துணி.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று பருத்திச் சேலைகள்: ஒன்று அடர்நிறம், ஒன்று வெளிர்நிறம், ஒன்று அடித்துணிக்கு. துண்டு இணைக்காமல் முழுசாக விடும் வெற்றுச் சதுரங்களுக்கு நாலாவது ஒன்று இருந்தால் நல்லது. நடுத்துணிக்குப் பழைய எட்டு முழ வேட்டி ஒன்று.

நடுவில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைக்கலாம்தான். நம் ஊர் வெயிலில் அதைப் போர்த்திக்கொள்ள மனம் வராது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி போதுமான கனம் தரும், வியர்வையை உறிஞ்சும், ஊசியும் சுலபமாக இறங்கும்.

மற்றவை: தையல் மெஷின், அதற்கு 11, 14-ஆம் நம்பர் ஊசிகள், இஸ்திரிப் பெட்டி, 24 அங்குல ஸ்கேல், அளவு டேப், ஒட்டும் டேப், சேஃப்டி பின் இருநூறு, எம்பிராய்டரி நூல், அது கோக்கும் அளவுக்குக் கண் உள்ள கை ஊசி, விரல்நுனியில் மாட்டும் திம்பிள் ஒன்று. கோடு போடத் தேய்ந்த சோப்புத் துண்டு. பால்பாயிண்ட் பேனா அந்தப் பக்கமே வரக்கூடாது, துவைத்தாலும் போகாது.

உருட்டி வெட்டும் வட்டக் கத்தியான ரோட்டரி கட்டரும் அதற்கான பாயும் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். இல்லாவிட்டாலும் தைக்கலாம், நான் முதல் இரண்டு போர்வைகளைக் கத்தரியால்தான் வெட்டினேன். துணிக்கென்றே ஒரு கத்தரி வேண்டும். அதில் காகிதம் வெட்டினால் முனை மழுங்கி, மெல்லிய சேலையை மென்று தள்ளும்.

2. கனம் முதலில், நிறம் அப்புறம்

எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் துணி எடுப்பார்கள். சேலை விஷயத்தில் இது தலைகீழ். மெல்லிய துணியும் கனத்த துணியும் ஒரே தையலில் சேர்ந்தால் இழுபடும் பாரமெல்லாம் மெல்லியதன் மேல் விழும். சில துவையல்களில் தையலை ஒட்டியே அது கிழியும். தையல் கெட்டியாக இருக்கும், துணி போயிருக்கும்.

அதனால் கண்ணை மூடிக்கொண்டு சேலையை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே கனமாகத் தோன்றுவதை ஒரு குவியலாகப் போடுங்கள். நிறம் தேர்வதெல்லாம் அந்தக் குவியலுக்குள்தான்.

ரொம்பப் பிடித்த சேலை ஒன்று மெல்லியதாகப் போய்விட்டதா? வெட்டுவதற்குமுன் அந்தப் பகுதிக்கு அடியில் வேட்டித் துணியை லைனிங்காக வைத்து, ஓரங்களில் ஓர் ஓட்டு ஓட்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே துணியாக நடந்துகொள்ளும்.

அடுத்து, சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். காலில் உரசும் கீழ்ப்பகுதியும் வருஷக்கணக்கில் மடிந்திருந்த மடிப்புக் கோடுகளும் முதலில் நைந்திருக்கும். சந்தேகமான இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து இழுங்கள். இழைகள் விலகினால் அந்த இடத்தைச் சோப்பால் வட்டமிட்டு ஒதுக்குங்கள். “கொஞ்சம்தானே, பரவாயில்லை” என்று சேர்த்துக்கொண்டவர்கள் எல்லோரும் பிறகு அந்தச் சதுரத்தின் மேல் வேறு துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

ஃபால்ஸைப் பிரித்து எடுங்கள். சரிகைக் கரையையும் வெட்டி ஒதுக்குங்கள். அது தோலில் குத்தும், பருத்தியோடு சேர்ந்து சுருங்காது. பனியன் துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் இந்தப் போர்வைக்கு வேண்டாம், இழுத்தால் நீள்கிற துணியில் சதுரம் சதுரமாகவே இருக்காது.

பருத்திதானா என்று தெரியவில்லையா? ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, சாமணத்தில் பிடித்து எரியுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டி மணியாக நிற்கும். கலப்புத் துணியை ஒதுக்கச் சொல்வதற்குக் காரணம் இஸ்திரி. இந்த வேலையில் சூடான பெட்டி ஓய்வே இல்லாமல் ஓடும், பாலியஸ்டர் கலந்த துணி அந்தச் சூட்டைத் தாங்காது.

3. துவைத்து, சாயம் பார்த்து, கஞ்சி போடுங்கள்

எத்தனை வருஷம் கட்டிய சேலையாக இருந்தாலும் ஒருமுறை துவையுங்கள். அலமாரியில் கிடந்த புதுச் சேலையைச் சேர்த்தால் அதைக் கட்டாயம் துவைக்க வேண்டும். வெட்டித் தைத்தபின் அது மட்டும் சுருங்கினால் பக்கத்துத் துண்டுகளையும் சேர்த்து இழுத்து முடிச்சாக்கிவிடும்.

ஒவ்வொரு சேலையின் முனையையும் தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலையைத் தனியாகத் திரும்பத் திரும்ப அலசுங்கள். ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் அது தலையணை உறைக்குப் போகட்டும். அரக்குச் சிவப்பு, கருநீலம், கருப்பு, இந்த மூன்றையும் நம்பவே கூடாது.

கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது வீட்டுக்கு வீடு சொல்வது. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடிந்த துணியில் ஒட்டாமல் தங்கியிருக்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. நானும் உப்பை நம்பி ஒரு சிவப்புச் சுங்குடியைச் சேர்த்தேன். முதல் துவையலில் வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் இளஞ்சிவப்பாக வந்தன. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் தெரியும்.

இனி கஞ்சி. பழைய சேலை கையில் நழுவும், வெட்டும்போது நெளியும். வடிகஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ நீர்க்கக் கரைத்து முக்கி, காயவைத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் துணி கிட்டத்தட்டக் காகிதம் மாதிரி நிற்கும். வெட்டுவதற்கு முன்னால் போட வேண்டும் என்பது முக்கியம். வெட்டிய துண்டை நனைத்தால் அது சுருங்கி அளவு மாறிவிடும்.

கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் தேடி வரும். அந்த வாரமே வெட்டத் தொடங்கும் அளவுக்கு மட்டும் கஞ்சி போடுங்கள்.

4. என்ன வடிவம்

நீங்கள் விரும்பும் படத்தை முதலில் முடிவு செய்து, அதற்குச் சேலை தேடினால் வேலை நகராது. இருப்பதைத் தரையில் பரப்பிப் பாருங்கள், பாதி முடிவைத் துணியே எடுத்துவிடும். கண்டாங்கி மாதிரி பெரிய கட்டம் போட்ட சேலையைச் சின்னச் சதுரமாக வெட்டினால் கட்டம் காணாமல் போகும். அது வெற்றுச் சதுரத்துக்கு உரியது. சுங்குடிப் புள்ளி சின்னத் துண்டிலும் தெரியும். சரிகை இல்லாத கரைகள் நிறையச் சேர்ந்துவிட்டதா? நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளாகத் தைக்கும் வடிவத்துக்கு அவற்றைச் சேர்த்து வையுங்கள். அது இரண்டாவது போர்வை.

வரிசை ஒழுங்குக்கு நான் பார்ப்பது ஆத்தங்குடிக் கல் பதித்த செட்டிநாட்டுத் தரை. பூக்கல் ஒன்று, பக்கத்தில் அமைதியான கல் ஒன்று என்று போகும் தரையில் கண் எங்கே ஓய்வெடுக்கிறது என்று கவனியுங்கள். இந்தப் போர்வையும் அதே கணக்கு: ஒன்பது சின்னக் கட்டங்கள் சேர்ந்த சதுரம் ஒன்று, வெற்றுச் சதுரம் ஒன்று, மாறி மாறி. அகலத்தில் 4, நீளத்தில் 5, மொத்தம் 20. பத்து ஒன்பது-கட்டங்கள், பத்து வெற்றுச் சதுரங்கள். வெற்றுச் சதுரத்தில் பிறகு கோலம் வரும்.

அளவெடுக்கவே பிடிக்காது என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் துண்டுகளை முதலில் இணைப்பதே இல்லை. பழைய சேலையை அடியில் விரித்து, வெளி ஓரத்தில் தொடங்கி, துண்டு மேல் துண்டாக வைத்து ஓட்டுத் தையலிலேயே பிடித்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பதைப் பூ என்பார்கள். துண்டுகளை ஒட்டுவதும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் அங்கே ஒரே வேலை. அதன் வரிசை முற்றிலும் வேறு என்பதால் இந்தக் குறிப்போடு கலந்து செய்யாதீர்கள்.

5. வெட்டுதல்: வெற்றுச் சதுரத்தை இப்போது வெட்டாதீர்கள்

முடிந்த கட்டம் 4 அங்குலம் வர வேண்டும். இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் அங்குலம். ஆக வெட்டும் அளவு 4½. உடைக்கு ஒரு அங்குலம் விட்டுப் பழகியவர்கள் இங்கேயும் தாராளமாக விடுவார்கள். உடையை உடம்பில் வைத்துச் சரிசெய்யலாம், இங்கே ஒரு சதுரத்துக்கு அளவே பக்கத்துச் சதுரம்தான். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு விட்டாக வேண்டும்.

கட்டங்களைத் தனித்தனியாக வெட்ட வேண்டாம், பட்டையாக வெட்டுங்கள். சேலையின் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவுப் பக்கம் குறைவாக நீளும். அதனால் பட்டைகளை நீளவாக்கில் வெட்டுங்கள். கரை போக 38 அங்குலம் உடல் அகலம் கிடைத்தால், ஒரு மீட்டர் நீளத் துண்டில் 4½ அங்குலப் பட்டைகள் எட்டு வரும். தேவை அடர்நிறத்தில் 8, வெளிர்நிறத்தில் 7. ஒவ்வொன்றும் குறைந்தது 38 அங்குல நீளம்.

கோணலாக வெட்டினால் என்ன ஆகும் என்பது பிளவுஸ் தைப்பவர்களுக்குத் தெரியும். கிராஸ் கட்டிங்கில் துணி இழுபட்டுக் கொடுக்கும். உடம்பில் உட்கார அது வேண்டும், சதுரத்துக்கு அதுதான் எதிரி. முதல் ஓரத்தை ஓர் இழை உருவி, அந்தக் கோட்டிலேயே வெட்டி நேராக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கிழித்தால் நேராக வருமே என்று கேட்பார்கள். வரும். கிழித்த ஓரத்தில் கால் அங்குலமாவது நெளிந்து இழை தளர்ந்திருக்கும். அது சரியாக நம் தையல் விழும் இடம். அடித்துணியைக் கிழியுங்கள், கட்டங்களை வெட்டுங்கள்.

கத்தரியால் வெட்டுபவர்கள் அட்டையில் அச்சு செய்தால் பத்துப் பதினைந்து முறை வரைந்ததும் ஓரம் தேய்ந்து அளவு மாறும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள், தேயாது.

வெற்றுச் சதுரங்களுக்குக் கணக்குப்படி 12½ அங்குலம். இதை இப்போதே வெட்டிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. ஏன் என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். சேலையின் உடல் பகுதியில் ஒன்றே முக்கால் மீட்டர் ஒதுக்கி மடித்து வையுங்கள், அவ்வளவுதான். 38 அங்குல அகலத்தில் மூன்று சதுரம் வரும் என்று கணக்கு சொல்லும். ஓரத்தை நேராக்கியபின் வராது, இரண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6. கால் அங்குலத்தைச் சோதித்துப் பாருங்கள்

சாதாரண மெஷினில் ஊசிக்கும், துணியை அழுத்திப் பிடிக்கும் காலின் ஓரத்துக்கும் நடுவில் இருப்பது கால் அங்குலமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்கேலைக் காலுக்கு அடியில் வைத்து, கால் அங்குலக் கோட்டில் ஊசியைக் கையால் மெல்ல இறக்குங்கள். ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மெஷின் தட்டில் டேப் ஒட்டுங்கள். அதன்மேல் பழைய விசிட்டிங் கார்டை மடித்து ஒட்டினால் துணி இடித்து நிற்க ஒரு சின்னச் சுவர் கிடைக்கும்.

இனி சோதனை. 1½ அங்குல அகலத்தில் மூன்று துண்டுகளை அருகருகே தைத்து இஸ்திரி போடுங்கள். நடுத்துண்டு சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் ஓர் இழை நகர்த்துங்கள். தையல் மடியும் இடத்தில் துணியின் கனம் ஓரிரு இழை அளவைத் தின்றுவிடும் என்பதால், உண்மையான கால் அங்குலத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகத் தைப்பதுதான் சரியாக வரும்.

இவ்வளவு அலட்டல் எதற்கு? கணக்குப் பாருங்கள். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாகத் தைக்கிறீர்கள். ஒரு தையலில் இரண்டு துணியும் சேர்ந்து ஒரு நூல் போச்சு. ஒன்பது-கட்டத்தில் ஒரு திசையில் இரண்டு தையல். 12½ இருக்க வேண்டியது 12¼ ஆகிவிடும். வெற்றுச் சதுரத்தில் உள்தையலே இல்லை, அது 12½ ஆகவே நிற்கும். இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று சுருங்கும், ஒன்று தொங்கும்.

அதனால்தான் முதலில் ஒன்பது-கட்டங்களைத் தைத்து முடியுங்கள். பத்தையும் அளந்து, பெரும்பாலானவை எந்த அளவில் வந்திருக்கின்றனவோ அந்த அளவுக்கே வெற்றுச் சதுரங்களை வெட்டுங்கள். எல்லாம் 12¼ வந்திருந்தால் 12¼. போர்வை ஓர் அங்குலம் சின்னதானால் யாரும் டேப் வைத்து வந்து பார்க்கப்போவதில்லை.

7. ஒன்பது-கட்டம் தைப்பது

முதலில் பட்டைகளை மூன்று மூன்றாக நீளவாக்கில் தையுங்கள். அடர்-வெளிர்-அடர் என்று மூன்று தொகுதி, வெளிர்-அடர்-வெளிர் என்று இரண்டு தொகுதி. ஒவ்வொன்றும் 12½ அங்குல அகலம் வரும்.

இரண்டாவது தையலை முதல் தையலுக்கு எதிர்த் திசையிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கமிருந்து தைத்தால் தொகுதி வில்லாக வளையும்.

இஸ்திரி போடும்போது தையல் மடிப்பை எப்போதும் அடர்நிறப் பக்கம் தள்ளுங்கள். வெளிர்நிறப் பக்கம் போனால் அடர்நிற ஓரம் மேலே நிழலாகத் தெரியும். பெட்டியை வைத்து எடுங்கள், சட்டைக்குத் தேய்ப்பது போல இழுக்காதீர்கள், துணி அந்தப் பக்கமே நீண்டுபோகும். தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், போட்ட கஞ்சி வீணாகும்.

இனி தொகுதிகளைக் குறுக்கே 4½ அங்குலமாக வெட்டுங்கள். ஒரு தொகுதியில் எட்டு துண்டு வரும். அடர்-வெளிர்-அடரில் 20, மற்றதில் 10 தேவை. மிச்சம் வருவதை வைத்திருங்கள், கோணலாகிப்போன ஒன்றுக்குப் பதிலாக உதவும்.

மூன்று துண்டுகளை அடுக்கித் தைத்தால் ஒன்பது-கட்டம். அடர்நிறம் நாலு மூலையிலும் நடுவிலும் வரும். இங்கே முன்பு செய்த இஸ்திரிக்குப் பலன் கிடைக்கும். ஒரு துண்டில் மடிப்பு வெளிப்பக்கமும் அடுத்ததில் உள்பக்கமும் போயிருப்பதால், இரண்டையும் எதிரெதிராக வைக்கும்போது மடிப்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். விரலால் தடவினாலே இடம் சேர்ந்துவிட்டது தெரியும். அந்த இடத்தில் ஒரு பின் குத்தித் தையுங்கள், மூலைகள் கூட்டல் குறி போல வந்து சேரும்.

நாலு மூலையும் சேராத கட்டம் ஒன்றிரண்டு வந்தால்? ஒரு நூலுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். கில்ட் தையல் போட்டுத் துவைத்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய பழைய துணியைத் திரும்பத் திரும்பப் பிரித்தால் ஓரம் நைந்து, பிறகு தைக்க இடமே இருக்காது.

8. வரிசைகள்

இருபதையும் தரையில் பரப்பி, போனில் ஒரு படம் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் எது அடர்த்தி, எது வெளிர் என்பது பளிச்சென்று தெரியும். ஒரே அடர்த்தி ஓர் ஓரமாகக் குவிந்திருந்தால் இடம் மாற்ற இதுதான் கடைசி வாய்ப்பு.

ஒவ்வொரு சதுரத்திலும் வரிசை எண் எழுதிய சீட்டைக் குத்துங்கள். தரையிலிருந்து மெஷினுக்குப் போகும் ஐந்தடி தூரத்தில் எல்லாம் தலைகீழாகிவிடும்.

நாலு நாலாக ஐந்து வரிசை தையுங்கள். மடிப்புகளை வெற்றுச் சதுரத்தின் பக்கம் தள்ளுங்கள். சதுரங்கள் மாறி மாறி வருவதால் அடுத்தடுத்த வரிசைகளில் மடிப்பு தானாகவே எதிரெதிராக அமையும். வரிசைகளைச் சேர்க்கும்போது முதலில் இரண்டு முனை, பிறகு சந்திப்புகள் என்று பின் குத்துங்கள். ஒரு பக்கம் சற்று நீளமாக இருந்தால் அதை அடியில் வைத்துத் தையுங்கள், மெஷினின் பற்கள் கொஞ்சம் கூடுதலாக இழுத்துச் சரிக்கட்டும்.

9. மூன்று அடுக்கு

மேல்துணியைவிட நாலா பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக நடுத்துணியும் அடித்துணியும் வேண்டும். அதாவது 56-க்கு 68. தைக்கத் தைக்க மேல்துணி வெளியே நகரும், இந்தக் கூடுதல் அதற்காக.

அடிச்சேலையில் 57 அங்குல நீளத்துக்கு இரண்டு துண்டு கிழித்து, நீண்ட ஓரங்களைச் சேர்த்தால் போதும். இந்தத் தையலுக்கு அரை அங்குலம் விட்டு, மடிப்பை இரண்டு பக்கமும் பிரித்துத் தேயுங்கள், தட்டையாக உட்காரும். வேட்டியையும் அதே போல இரண்டு துண்டாக்குங்கள். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைக்காதீர்கள், போர்வை நடுவே ஒரு மேடு ஓடும். இரண்டு ஓரங்களையும் இடித்தாற்போல வைத்துக் கையால் வளைத்து வளைத்துத் தைத்துவிடுங்கள். வேட்டிக் கரையை முன்பே வெட்டிவிட வேண்டும், இல்லையேல் வெளிர் கட்டத்துக்கு அடியில் கோடாகத் தெரியும்.

தரையைத் துடைத்து, அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், விறைப்பாக இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கிப் பின்பக்கம் கொசுவமாகும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிவிடுங்கள்.

நடுவில் தொடங்கி, ஒரு கை அகலத்துக்கு ஒன்று என்று சேஃப்டி பின் குத்துங்கள். பின் போதாவிட்டால், பிறகு பிரித்துவிடும் நீண்ட கச்சா தையல் போடுங்கள், நடுவிலிருந்து எட்டுத் திசைக்கும். இந்த வேலைக்கு முட்டி வலிக்கும். வலிக்கிறதே என்று பின்னைப் பாதியாகக் குறைத்தவர்கள்தான் பின்னால் கொசுவத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

10. கில்ட் தையல்

எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், மூன்றைப் பிரித்து எடுங்கள். நீளம் ஒரு முழம். அதற்குமேல் எடுத்தால் மூன்று அடுக்கில் உரசி உரசி நூல் பஞ்சாகி அறும்.

முடிச்சு வெளியே தெரியக்கூடாது. தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணிக்குள் ஊசியை விட்டு, தொடங்கும் இடத்தில் வெளியே எடுத்து, நூலைச் சுண்டி இழுங்கள். சின்ன முடிச்சு டப்பென்று உள்ளே போய் வேட்டியில் தங்கிவிடும். முடிக்கும்போதும் இதே.

ஊசியை நேராக இறக்கி, அடியில் இருக்கும் கையின் விரல்நுனியில் தட்டுப்பட்டதும் மேலே திருப்புங்கள். மூன்று நாலு தையலை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுக்கலாம். அங்குலத்துக்கு நாலைந்து தையல் போதும். பொடியாகத் தைப்பதைவிடச் சீராகத் தைப்பது அழகு. ஒவ்வொரு தையலும் அடித்துணியைத் தொட்டிருக்கிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பாருங்கள். மேலே அழகாக ஓடி, அடியில் பாதி தையல் பிடிக்காமலே போயிருக்கும்.

எப்போதும் போர்வையின் நடுவிலிருந்து வெளியே தையுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிகுதித் துணி எல்லாம் நடுவில் சேர்ந்து புடைக்கும், அதைத் தள்ள இடம் இருக்காது.

ஒன்பது-கட்டங்களுக்குக் கோடு வரையத் தேவையில்லை. கட்டத்தின் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக ஓட்டினால் போதும், கண்ணே வழிகாட்டும்.

வெற்றுச் சதுரத்தில் கோலம். ஐந்து புள்ளியில் தொடங்கி 1-3-5-3-1 என்று நேர்புள்ளியாக அடுக்கிய சிக்குக் கோலம் 12 அங்குலத்தில் சரியாக உட்காரும். புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம், ஓரத்தில் ஓர் அங்குலம் மிஞ்சும். கோலத்தை டிரேசிங் பேப்பரில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துச் சாக்பீஸ் பொடியைப் பஞ்சால் தேயுங்கள். ஆரி வேலை செய்பவர்கள் வரைவதும் இப்படித்தான். வெளிர் துணியில் சாக்பீஸ் தெரியாது, நீலச் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு மூலையில் துடைத்துப் பார்த்துவிட்டு.

ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வளைவு வேண்டாம். மூன்று அடுக்குத் துணி அப்படித் திரும்பாது, தையல் பல்லிளிக்கும். கோடு ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் தையல்மேல் தையல் விழாமல், ஒன்று மேலே வந்தால் மற்றது அடியில் போகும்படி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோட்டில் முடியும் கோலம்தான் வேண்டும் என்று சிலர் அடம்பிடிப்பார்கள். நூல் ஒரு முழத்தில் தீர்ந்துவிடும், எப்படியும் நாலைந்து இடத்தில் முடிச்சு விழும்.

உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அதற்கடியில் ஒரு தையலாவது இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய இடத்தை விட்டால் துவைக்கும்போது அடுக்குகள் தனித்தனியாக அலையும்.

11. விளிம்புப் பட்டி

பின்களை எடுத்துவிட்டு, மேல்துணியின் ஓரத்தோடு மூன்று அடுக்கையும் சேர்த்து வெட்டுங்கள். வெட்டுவதற்குமுன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் போர்வை நேராக இருக்கிறது. அரை அங்குல வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேண்டாம். அதற்குமேல் இருந்தால் நீண்ட மூலையைக் கொஞ்சம் சீவுங்கள்.

சுற்றளவு 216 அங்குலம். மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து 230 அங்குலப் பட்டி வேண்டும், அகலம் 2½. சேலையின் நீளவாக்கில் இரண்டு பட்டி எடுத்தால் ஓர் இணைப்போடு முடிந்துவிடும். அந்த இணைப்பைச் சாய்கோட்டில் தையுங்கள், அப்போது மடிப்பின் கனம் ஒரே இடத்தில் குவியாது. சரிகை இல்லாத சேலைக் கரை 2½ அங்குலம் இருந்தால் அதுவே அருமையான பட்டி, நெருக்கமான நெசவு என்பதால் நாள்பட உழைக்கும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, வெட்டிய ஓரங்கள் போர்வையின் ஓரத்தோடு சேரும்படி மேல்பக்கம் வைத்து, 14-ஆம் நம்பர் ஊசியில் கால் அங்குலத்தில் தையுங்கள். மூலையில் தொடங்காதீர்கள், ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, முதல் எட்டு அங்குலத்தைத் தைக்காமல் வாலாக விடுங்கள்.

மூலைக்குக் கால் அங்குலம் முன்னால் நின்று, பின்தையல் போட்டு, நூலை அறுத்துத் துணியை வெளியே எடுங்கள். பட்டியை மேல்நோக்கி மடித்தால் மூலையில் சாய்கோடு விழும். அதைப் பிடித்துக்கொண்டே கீழ்நோக்கி மடித்து, அடுத்த பக்கத்தின் ஓரத்தோடு சேர்த்து, மேல் முனையிலிருந்தே தையுங்கள். இந்தக் கால் அங்குலத்தைத் தாண்டித் தைத்துவிட்டால் மூலை திரும்பாது, காது மாதிரி மடங்கி நிற்கும். முதல்முறை செய்பவர்கள் காகிதத்தில் ஒருமுறை மடித்துப் பார்த்துவிடுங்கள், படிப்பதைவிடச் சீக்கிரம் புரியும்.

கடைசி வாலையும் முதல் வாலையும் இணைத்து, பட்டியைப் பின்னால் திருப்பி, மெஷின் தையலை மூடும்படி கையால் ஹெம்மிங் செய்யுங்கள். சோபாவில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய ஒரே வேலை இதுதான்.

12. முதல் துவையல்

பச்சைத் தண்ணீரில், கொஞ்சம் சோப்புத் தூளோடு, போர்வையைத் தனியாக நனையுங்கள். கஞ்சியும் சாக்பீஸும் சோப்புக் கோடும் இதில் போக வேண்டும், இரண்டு தண்ணீர் கூடுதலாக அலசுங்கள். சூடான தண்ணீர் வேண்டாம், அடங்கியிருந்த சாயத்தைக் கிளப்பிவிடும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். கொடியிலும் போடாதீர்கள், ஈரத்தின் பாரமெல்லாம் ஒரு வரித் தையலில் தொங்கும். நிழலில் ஒரு கட்டிலின்மேல் பழைய பாயை விரித்து அதில் பரப்புங்கள். காய்ந்ததும் தையலைச் சுற்றித் துணி லேசாகச் சுருங்கி மேடு பள்ளமாக நிற்கும். அது பிழை இல்லை, அதன்மேல் இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

பிறகு வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் ஒருமுறை தடவிப் பாருங்கள். எங்காவது நூல் அறுந்தோ தையல் வாய் பிளந்தோ இருந்தால் இந்தத் துவையலிலேயே தெரிந்துவிடும். வெட்டி மிஞ்சிய பட்டைகளில் நாலு துண்டை ஒரு கவரில் போட்டுப் போர்வையோடு வையுங்கள், என்றாவது ஒட்டுப்போடக் கேட்கும்.